கணக்கு வருகிறது, வாக்கியக் கணக்கு வரவில்லை. சிக்கல் கணக்கிலா, வாசிப்பிலா?

கேள்வி, ஜூலை 3

என் மகள் நான்காம் வகுப்பு. கூட்டல், கழித்தல், பெருக்கல் எல்லாம் சரசரவென்று போடுவாள். வாய்ப்பாடு 12 வரை தடுமாறாமல் சொல்வாள். அதே கணக்கை வாக்கியமாகக் கொடுத்தால் அப்படியே உட்கார்ந்துவிடுகிறாள். இந்தப் பருவத்தில் அறிவியலிலும் மார்க் இறங்கிவிட்டது. கணக்குக்கு டியூஷன் வைத்தால் சரியாகிவிடும் என்கிறார் என் கணவர். வாசிப்பில் ஒரு பிரச்சினையும் இல்லை, பாடத்தை நிற்காமல் படிப்பாள். எந்தப் பாடத்துக்கு டியூஷன் வைப்பது?

ஜூலை 3, இரவு 10.15

டியூஷனை ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். அவள் விட்டுவிட்ட கணக்கு ஒன்றை எடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். திருத்த வேண்டாம், தலையாட்டவும் வேண்டாம். கேட்டுக்கொண்டு மட்டும் இருங்கள்.

மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளோடு 17 வருடமாக இருக்கிறேன். முதல் ஐந்தாறு வருடம் உங்கள் கணவர் சொல்வதைத்தான் நானும் பெற்றோரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். கணக்கில் மார்க் குறைந்தால் இன்னும் கொஞ்சம் கணக்கு, அறிவியலில் குறைந்தால் இன்னும் கொஞ்சம் அறிவியல். ஒரு பையன்தான் அதை மாற்றினான். கேள்வி இது: "அக்காவிடம் 24 பென்சில்கள் இருந்தன. அவை தம்பியிடம் இருந்ததைவிட 6 அதிகம். தம்பியிடம் எத்தனை பென்சில்கள் இருந்தன?" அவன் 30 என்று எழுதியிருந்தான். வழக்கம்போல் சிவப்பு மையில் சுழித்துவிட்டு அடுத்த நோட்டுக்குப் போயிருப்பேன். அன்றைக்கு என்னவோ, "இதைப் படித்துக் காட்டு" என்றேன்.

படித்தான்: "அக்காவிடம் 24 பென்சில்கள் இருந்தன. தம்பியிடம் இருந்தது 6 அதிகம்."

'அவை' என்பதைத் தாண்டிவிட்டான். 'இருந்ததைவிட' என்ற சொல்லில் 'இருந்த' வரைக்கும் கண் போயிருக்கிறது, மிச்சத்தை அவனே முடித்துக்கொண்டான். அவன் படித்த வாக்கியத்துக்கு 30 சரியான விடை. கூட்டலில் அவனுக்கு ஒரு குறையும் இல்லை.

தமிழில் பொருளைத் திருப்பிவிடும் பகுதி பெரும்பாலும் சொல்லின் கடைசியில் இருக்கிறது. தம்பியை, தம்பிக்கு, தம்பியைவிட. படித்து, படித்தால், படிக்காமல். தலையைப் பார்த்து ஊகிக்கிற பிள்ளை வாலை விட்டுவிடும். கூட்டுவதா கழிப்பதா என்று சொல்வதே அந்த வால்தான்.

இப்படி ஒரு வழிமுறையை ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஆன் நியூமன் 1977-லேயே வகுத்து வைத்திருக்கிறார். பிள்ளை தப்பாகப் போட்ட கணக்கை எடுத்துக்கொண்டு ஐந்து கேள்வி. இதைப் படி. என்ன கேட்கிறார்கள்? எப்படிச் செய்யப்போகிறாய்? செய்து காட்டு. விடையை எழுது. எந்த இடத்தில் பிள்ளை தடுக்கி விழுகிறது என்று பாருங்கள். முதல் இரண்டில் விழுந்தால் அது கணக்குக்கே வந்து சேரவில்லை. உங்கள் மகள் முதல் படியிலேயே நிற்கிறாள், எழுத்துக் கூட்டுவதில் சிக்கல் என்றுதான் எனக்குப் படுகிறது.

ஜூலை 4, காலை

"பாடத்தை நிற்காமல் படிப்பாள்" என்று நீங்கள் எழுதியதைச் சரியாகக் கவனிக்காமல் நேற்று முடிவு சொல்லிவிட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் எந்தப் பாடத்தைப் படிக்கிறாள்? வகுப்பில் நாலு தடவை கேட்ட பாடமா? என்னிடம் ஒரு சிறுமி இருந்தாள். பக்கத்தைத் திறந்ததும் ஏற்ற இறக்கத்தோடு படிப்பாள், கேட்க அத்தனை அழகாக இருக்கும். ஒருநாள் பின்னால் நின்று பார்க்கிறேன், விரல் மூன்றாவது வரியில் இருக்கிறது, வாய் ஐந்தாவது வரியில் இருக்கிறது. முழுப் பாடமும் காது வழியாகவே உள்ளே போயிருந்தது. அந்த ஞாபகசக்திக்கே தனியாக மார்க் போடலாம்!

அதனால் அவள் பார்த்தே இராத ஒரு பக்கத்தைக் கொடுங்கள். அவள் வகுப்பு அளவில், கதையாகவோ செய்தியாகவோ, நூறு சொல் இருந்தால் போதும்.

ஜூலை 6

நீங்கள் எழுதியதைப் படித்தேன். புதுப் பக்கத்தில் மெதுவாகப் போனாள், நீளமான சொல் வந்தபோதெல்லாம் நின்றாள், மூன்று இடத்தில் கடைசி எழுத்துகளை விழுங்கினாள். அப்புறம் அதே வாக்கியக் கணக்கை நீங்கள் வாசித்துச் சொன்னதும் உடனே 18 என்றாள். இதைச் செய்து பாருங்கள் என்று நான் சொல்ல விட்டுப்போனது, நீங்களாகவே செய்துவிட்டீர்கள். இதைவிட நல்ல சோதனை கிடையாது.

காதால் கேட்டால் புரிகிறது, கண்ணால் படித்தால் புரியவில்லை. அப்படியென்றால் புத்தி இருக்கிறது, மொழி இருக்கிறது, கணக்கு இருக்கிறது. அச்சில் இருப்பதைச் சொல்லாக மாற்றுகிற வேலைதான் இன்னும் தானாக நடக்கவில்லை. எழுத்துக் கூட்டவே மனம் முழுவதும் செலவாகிவிட்டால் பொருளைப் பிடித்து வைக்க இடம் ஏது? வாக்கியத்தின் முடிவுக்கு வரும்போது ஆரம்பம் மறந்துபோயிருக்கும்.

கணக்கு டியூஷன் வேண்டாம். அறிவியல் டியூஷனும் வேண்டாம்.

ஜூலை 6, இரவு

மேலே ஒருவர், "என் பையனுக்கு நேர்மாறு. எழுத்துப் பிசகாமல் படிப்பான், என்ன படித்தாய் என்றால் முழிப்பான்" என்று எழுதியிருக்கிறார். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பிள்ளைகளைத்தான் நாங்கள் வகுப்பில் அதிகம் தவறவிடுகிறோம். நன்றாகப் படிக்கிறான் என்று நாங்களே சான்றிதழ் கொடுத்துவிடுவோம்.

1986-ல் கஃப், டன்மர் என்ற இருவர் ஓர் எளிய கருத்தை வைத்தார்கள். படித்துப் புரிந்துகொள்வது என்பது இரண்டு திறன்களின் பெருக்கல்: ஒன்று எழுத்தைச் சொல்லாக்குவது, மற்றது அந்த மொழியைக் கேட்டால் புரிந்துகொள்வது. கூட்டல் என்று சொல்லாமல் பெருக்கல் என்றதில்தான் விஷயமே இருக்கிறது. ஒன்று பூஜ்யமானால் மற்றது எவ்வளவு பெரிதானாலும் பலன் பூஜ்யம்.

கேள்வி கேட்ட அம்மாவின் மகளுக்கு இரண்டாவது நன்றாக இருக்கிறது, முதலாவது தள்ளாடுகிறது. உங்கள் பையனுக்கு முதலாவது சரி. இரண்டாவது எப்படி என்று தெரிய, அதே பத்தியை நீங்கள் வாசித்துக் காட்டிவிட்டுக் கேளுங்கள். அப்போதும் முழித்தால் அவனை இன்னும் பத்துப் பக்கம் படிக்க வைப்பதில் பயன் இல்லை. சொற்கள் தெரியாமல் இருக்கலாம். சொல்லப்படுகிற விஷயமே அந்நியமாக இருக்கலாம். வீட்டில் பேசும் மொழியும் புத்தக மொழியும் வெகு தூரத்தில் இருக்கலாம். நம் மொழியில் இந்தத் தூரம் சாதாரணமானதா? 'வந்துட்டான்' என்று பேசிப் பழகிய பிள்ளை 'வந்துவிட்டான்' என்பதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். 'வருவதற்கு முன்னரே' என்பதைப் புத்தகத்தில்தான் முதன்முதலாகச் சந்திக்கும். அந்தப் பையனுக்குச் சத்தமாகக் கதை வாசித்துக் காட்டுங்கள், நிறுத்திப் பேசுங்கள், "இவன் ஏன் அப்படிச் செய்தான்?" என்று கேளுங்கள். அவனையே படிக்கச் சொல்ல வேண்டும் என்பதில்லை.

இரண்டு பிள்ளைகளுக்கும் மார்க் ஷீட்டில் ஒரே எண் விழும். மருந்து வேறு வேறு.

ஜூலை 7

ஒரு நிமிடத்தில் எத்தனை சொல் படிக்க வேண்டும் என்று மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். நேற்று ஒருவருக்குத் தனியாக "நான்காம் வகுப்பு முடியும்போது 130 சொல்லுக்குப் பக்கம்" என்று பதில் எழுதினேன். அதைத் திரும்பப் பெறுகிறேன். ஆங்கில வாசிப்புக்காக ஹாஸ்ப்ரூக், டிண்டல் இருவரும் 2017-ல் தொகுத்த அட்டவணையில் இருக்கிற எண் அது. அங்கே நான்காம் வகுப்பு ஆண்டு முடிவில் நடுத்தர மாணவருக்கு நிமிடத்துக்கு 133 சொல். ஆங்கிலச் சொல் சின்னது. 'போய்க்கொண்டிருந்தவர்களுக்காக' என்பது நமக்கு ஒரே சொல், அங்கே ஐந்தாறு சொல்லாகிவிடும். அந்த எண்ணைத் தமிழ்ப் பக்கத்தின் மேல் வைத்து அளந்தால் நல்ல பிள்ளைகூடப் பின்தங்கியதாகத் தெரியும். தனியாகக் கேட்டவரும் இதைப் பார்க்கட்டும், அந்த எண்ணை மறந்துவிடுங்கள்.

அளவே வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்த ஒரு நிமிட வாசிப்பு அளவைக்குப் பின்னால் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஸ்டான்லி டெனோ என்ற ஆய்வாளர் பல வருடம் செய்த வேலை இருக்கிறது. சின்னச் சோதனைதான், ஆனாலும் பிள்ளையின் வாசிப்பு எந்தத் திசையில் போகிறது என்று காட்டும். உங்கள் பிள்ளையை அவளோடேயே ஒப்பிடுங்கள். இன்றைக்கு ஒரு நிமிடத்தில் சரியாகப் படித்த சொற்கள் எத்தனை, மூன்று வாரம் கழித்து அதே தரத்தில் இன்னொரு புதுப் பக்கத்தில் எத்தனை. அவ்வளவுதான். கடிகாரத்தைப் பிள்ளையின் முகத்துக்கு நேரே நீட்ட வேண்டாம். அவசரப்படுத்தினால் வால் விழுங்குவதுதான் கூடும்.

ஜூலை 7, சற்று நேரம் கழித்து

கண்ணைச் சோதித்தீர்களா? இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். காதையும்.

என் வகுப்பில் ஒரு பையனை ஒரு பருவம் முழுவதும் எழுத்துக் கூட்ட வைத்தேன். தினமும் மதியம் அரை மணி. கரும்பலகையைப் பார்க்கும்போது கண்ணைச் சுருக்குகிறான் என்பதைக் கடைசியில் அவன் பாட்டிதான் சொன்னார். கண்ணாடி போட்டு வந்த அன்று "டீச்சர், எழுத்தெல்லாம் தனித்தனியா இருக்கு" என்றான். அந்த வாக்கியத்தை இன்றும் என்னால் சாதாரணமாக நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஜூலை 9

"12 உயிர், 18 மெய் தெரிந்தால் படித்துவிடலாமே, நான்காம் வகுப்பில் எழுத்துப் பிரச்சினை எப்படி வரும்?" என்ற கேள்விக்கு.

247 என்று நாம் சொல்லிக்கொடுக்கிறோம், 30-லிருந்து மற்றதெல்லாம் தானாக விளையும் என்று பெரியவர்களுக்குத் தெரியும். பிள்ளைக்கு அந்த விளைச்சல் தானாக வருவதில்லை. 'கெ' என்பதைப் பாருங்கள். காதில் க் முன்னால், எ பின்னால். காகிதத்தில் கொம்பு முன்னால், க பின்னால். 'கொ'வில் எழுத்தின் இரண்டு பக்கமும் ஏதோ ஒன்று நிற்கிறது. கெ, கே, கொ, கோ வித்தியாசம் கொம்பின் ஒரு சுழியில் இருக்கிறது. கு, சு, டு, து என்று உகரத்தின் வடிவமும் எழுத்துக்கு எழுத்து மாறுகிறது. இதில் ல, ள, ழ வேறு. கன்னடம் படிக்கிற பிள்ளைகளைக் கவனித்த சோனாலி நாக், இந்த மாதிரி எழுத்துமுறையில் முழு எழுத்தும் கைவர ஆரம்பப் பள்ளியின் பல வருடங்கள் ஆகின்றன என்று காட்டியிருக்கிறார். நான்காம் வகுப்பில் ஒரு பிள்ளை உயிர்மெய் எழுத்தில் தயங்கினால் அதற்காகத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டியதில்லை. எந்த எழுத்து என்று குறித்து வைத்து அதை மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதும். மறுபடி அ, ஆ-விலிருந்து தொடங்குவது அவளை அவமானப்படுத்துவது.

'மந்தம்' என்ற சொல்லை இந்தப் பிள்ளைகள் மேல் ஒட்டாதீர்கள். நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் தனி வரிசையே போட்டிருந்தார்கள், கடைசி வரிசை. அங்கே உட்கார்ந்த பிள்ளைகளுக்கு அந்தச் சொல் பெயராகவே ஆகிவிட்டது. வாசிப்பு அப்புறம் வந்தது, கை தூக்கும் பழக்கம் வரவில்லை.

ஜூலை 10

பயமுறுத்த விரும்பவில்லை, ஆனால் "வளர வளரச் சரியாகிவிடும்" என்று எழுதியவருக்கு இதைச் சொல்ல வேண்டும். கானி ஜூல் 1988-ல் வெளியிட்ட ஆய்வு. 54 பிள்ளைகளை முதல் வகுப்பிலிருந்து நான்காம் வகுப்பு வரை பின்தொடர்ந்தார். முதல் வகுப்பு முடிவில் வாசிப்பில் பின்தங்கிய பிள்ளை நான்காம் வகுப்பு முடிவிலும் பின்தங்கியே இருக்கும் நிகழ்தகவு 0.88.

ஏன் என்பது புரிகிறதுதானே? படிக்க வருகிற பிள்ளை அதிகம் படிக்கும், அதனால் சொல் பெருகும், அதனால் இன்னும் எளிதாகப் படிக்கும். வராத பிள்ளை படிப்பதைத் தவிர்க்கும். இடைவெளி வருடா வருடம் அகலும். வாசிப்பு ஆய்வாளர் ஸ்டானோவிச் 1986-ல் விரிவாக எழுதியது இதைத்தான். நான்காம் வகுப்பில்தான் அடி விழுகிறது, ஏனென்றால் அதுவரை படிக்கக் கற்றார்கள், இப்போது கற்பதற்காகப் படிக்க வேண்டும். அறிவியல் மார்க் திடீரென்று இறங்கியதற்குக் காரணம் அறிவியல் கடினமானது மட்டும் அல்ல. பத்தி நீண்டுவிட்டது, படம் குறைந்துவிட்டது.

ஜூலை 11

நேற்றைய 0.88 பற்றி இரவெல்லாம் யோசித்தேன். அதைத் தலைவிதி மாதிரி எழுதிவிட்டேனோ என்று இருக்கிறது. அந்த எண், வழக்கமான பள்ளிப் படிப்பு அப்படியே போனபோது ஒரு பள்ளியில் நடந்தது. யாராவது பக்கத்தில் உட்கார்ந்து எங்கே தடுக்குகிறது என்று பார்த்தால் என்ன ஆகும் என்பதை அது சொல்லவில்லை. நான்காம் வகுப்பில் ஆரம்பித்துத் தேறிய பிள்ளைகளை நானே பார்த்திருக்கிறேன். நேரம் அதிகம் பிடிக்கும், அது உண்மை.

ஜூலை 13

"அப்படியானால் அறிவியல், சமூக அறிவியல் நேரத்தை எடுத்து வாசிப்புக்குக் கொடுத்துவிடலாமே?" வேண்டாம். கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

நான் ஒரு வருடம் அதைச் செய்தேன். எனக்கு வாசிப்புப் பைத்தியம் பிடித்திருந்த வருடம் அது. மதியம் முழுவதும் பத்தி படி, கேள்விக்கு விடை எழுது, அடுத்த பத்தி. எழுத்துக் கூட்டுவது தேறியது. புரிதல் அசையவில்லை. பிற்பாடுதான் தெரிந்தது, படிக்கிற விஷயத்தைப் பற்றி முன்பே கொஞ்சம் தெரிந்திருந்தால்தான் படித்தது உள்ளே தங்கும். ரெக்ட், லெஸ்லி 1988-ல் செய்த ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். அமெரிக்காவில் 64 மாணவர்கள், நம் பிள்ளைகளைவிட மூன்று நான்கு வகுப்பு மேலே. ஒரு பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய பத்தியைப் படித்துவிட்டு, நடந்ததை மாதிரிப் பலகையில் நகர்த்திக் காட்ட வேண்டும், சொல்லவும் வேண்டும். வாசிப்புத் தேர்வில் குறைந்த மார்க் வாங்கியிருந்தாலும் ஆட்டம் தெரிந்த பிள்ளைகள், நன்றாகப் படிக்கத் தெரிந்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிட நன்றாகச் செய்தார்கள்.

அறிவியல் நேரத்தைப் பிடுங்குவது நாளைய வாசிப்பைப் பிடுங்குவது. அந்த வருடப் பிள்ளைகளுக்கு விதை முளைப்பதைக் காட்டவில்லை நான். அடுத்த வகுப்பில் 'முளைவேர்' என்ற சொல்லை அவர்கள் எழுத்துப் பிசகாமல் படித்திருப்பார்கள்.

ஜூலை 14

வாசிப்பு சரியானால் எல்லா மார்க்கும் ஏறும் என்று நான் சொல்வதாக ஒருவர் சுருக்கிவிட்டார். அப்படிச் சொல்லவில்லை. 2011-ல் நான்காம் வகுப்புக்கான உலகக் கணக்கு, அறிவியல் தேர்வான டிம்ஸும் வாசிப்புத் தேர்வான பிரல்ஸும் ஒரே ஆண்டில் வந்தன. 34 நாடுகளில் அதே பிள்ளைகள் இரண்டையும் எழுதினார்கள். கணக்கு வினாக்களைப் படிக்க வேண்டிய அளவை வைத்துப் பிரித்துப் பார்த்தார்கள். படிக்க நிறைய இருந்த வினாக்களில், வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகள் கூடுதலாகச் சறுக்கியது பல நாடுகளில் தெரிந்தது. அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஆறு நீண்டகால ஆய்வுத் தரவுகளைச் சேர்த்துப் பார்த்து டங்கன் குழு 2007-ல் எழுதியதில், பள்ளிக்கு வரும்போதே இருக்கும் எண்ணறிவுதான் பிற்காலத் தேர்ச்சியை எல்லாவற்றையும்விட நன்றாக முன்கூட்டிக் காட்டியது, வாசிப்பு அதற்கடுத்துத்தான். கணக்கே வராத பிள்ளைக்குக் கணக்குதான் சொல்லிக்கொடுக்க வேண்டும். எது என்று தெரியாமல் டியூஷன் வைக்காதீர்கள் என்பதுதான் என் பேச்சு.

ஜூலை 25

மூன்று வாரம் ஆயிற்று. கேள்வி கேட்டவர் எழுதியிருப்பதைப் பார்த்து எனக்கு நிஜமாகவே சந்தோஷம். தினமும் 15 நிமிடம். நூறு சொல்லுக்குள் ஒரு பத்தி, முதலில் அம்மா படிக்க, அப்புறம் மகள், நாலைந்து தடவை அதே பத்தி, சரளமாகும் வரை. சாமுவேல்ஸ் 1979-ல் சொன்ன திரும்பப் படித்தல் முறை இதுதான், ஒரு செலவும் இல்லை. புதுப் பக்கத்தில் ஒரு நிமிடத்துக்கு 38 சொல்லிலிருந்து 46-க்கு வந்திருக்கிறாள். விழுங்குவது குறைந்திருக்கிறது. மேசைமேல் ஒரு துண்டுச் சீட்டில் 'வாலைப் பார்' என்று அவளே எழுதி ஒட்டிக்கொண்டாளாம். நான் சொல்லாத யோசனை, என் வகுப்புக்கு எடுத்துக்கொள்கிறேன்.

வாசிப்பு தேறுகிறதா என்று சந்தேகம் இருந்தால் இந்தத் துண்டுச் சீட்டைப் பாருங்கள். நாலாவது வகுப்புப் பிள்ளை தன் தவறு எங்கே என்று தானே சொல்கிறது.

மார்க் இந்தப் பருவத்திலேயே ஏறும் என்று எதிர்பார்க்காதீர்கள், அவளிடம் கேட்கவும் வேண்டாம். கண் பரிசோதனை நடந்ததா என்று எழுதவில்லையே?

ஜூலை 26

கண் சரி என்று எழுதியதைப் பார்த்தேன், நல்லது.

"தேர்வு அறையில் வாய்விட்டுப் படிக்க முடியாதே, அங்கே என்ன செய்வாள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். உதட்டை மட்டும் அசைத்துப் படிக்கட்டும், சத்தம் வேண்டாம். பென்சில் முனை ஒவ்வொரு சொல்லின் அடியிலும் கடைசி எழுத்து வரை ஊரட்டும். 'விட', 'இல்லாமல்', 'தவிர' வந்தால் ஒரு சின்னக் கோடு. வகுப்பு ஆசிரியரிடம் முன்பே சொல்லிவையுங்கள். உதடு அசைவதைப் பார்த்து யாராவது அவளைப் பேசுகிறாள் என்று அதட்டிவிடக் கூடாது.